வேண்டாத வீட்டுப் பொருள்களைப் பிறருக்குக் கொடுப்பது: எங்கே, எதை, எப்படி

வீடு மாறும்போதோ, பெரியவர் ஒருவர் காலமான பிறகோ, போகிக்கு முன் பரணை இறக்கும்போதோ வழக்கமாக எழும் கேள்வி இது: “பாத்திரம், துணி, புத்தகம், கட்டில், மிக்ஸி எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. பக்கத்துச் சமுதாயக்கூடத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா? இல்லையென்றால் எங்கே, எப்படிக் கொடுப்பது?”

சமுதாயக்கூடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ நடத்தும் சமுதாய நலக்கூடம் நம் ஊரில் பெரும்பாலும் கல்யாணம், வளைகாப்புக்கு வாடகைக்கு விடும் மண்டபம்தான். பொருளை வாங்கிப் பிரித்து வைக்க அங்கே ஆளும் இல்லை, அறையும் இல்லை. காவலாளியிடம் மூட்டையை விட்டுவிட்டு வந்தால் அடுத்த முகூர்த்தத்துக்குள் அது குப்பை வண்டியில் ஏறிவிடும். கிராமங்களில் ஊர்ப் பொதுவில் பாத்திரம் வைத்திருக்கும் கூடங்கள் மட்டும் இதற்கு விலக்கு. அண்டா, குண்டா, பெரிய கரண்டி, ஜமுக்காளம், நாற்காலி இருந்தால் ஊர்க் கமிட்டியிடம் பேசிக் கொடுங்கள். ஒரே வீட்டில் சும்மா கிடக்கும் அண்டா அங்கே போனால் ஊரில் நடக்கும் எல்லா விசேஷத்துக்கும் அடுப்பேறும்.

மற்றவற்றுக்கு முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், வீடற்றோர் காப்பகம், அங்கன்வாடி, அரசுப் பள்ளி, கிளை நூலகம், விலங்குக் காப்பகம் என்று பல இடங்கள் இருக்கின்றன. 2023 மே மாதம் மத்திய அரசின் தூய்மை நகர இயக்கத்தில் நகராட்சிகள் தொடங்கிய ஆர்.ஆர்.ஆர். (குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி) மையங்களும் உண்டு. பழைய துணி, செருப்பு, புத்தகம், பொம்மை போன்றவற்றை வாங்குவதற்காகவே ஏற்பட்டவை அவை. உங்கள் வார்டில் அது இப்போது இயங்குகிறதா என்று வார்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

எந்த இடமாக இருந்தாலும் கொடுக்கும் முன் மனதில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு. இல்லம் நடத்துபவர்களால் “வேண்டாம்” என்று சொல்ல முடியாது. இன்று பழைய துணி கொண்டுவருபவரே நாளை ஒரு நாள் அன்னதானத்துக்கோ அரிசி மூட்டைக்கோ பணம் கட்டுபவராக இருக்கலாம். அவர் மனம் கோணிவிடுமே என்று சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் வாங்கிவைப்பார்கள். பிறகு அதைப் பிரிக்க ஆள் போட வேண்டும், வைக்க இடம் வேண்டும், உதவாததை ஏற்றி அனுப்ப வண்டி வாடகையும் கொடுக்க வேண்டும். பல இல்லங்களில் நோயாளிக்குக் கட்டில் போடவேண்டிய ஓர் அறை முழுக்கத் துணி மூட்டை அடைந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே மறுக்கும் வாய்ப்பை நீங்களே அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

அதற்கு எளிய வழி, முன்கூட்டியே தொலைபேசியில் பேசுவது. “பழைய பொருள் இருக்கிறது, கொண்டுவரலாமா?” என்று கேட்டால் “கொண்டுவாங்க” என்பதுதான் பதிலாக வரும். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: எத்தனை பேர் இருக்கிறீர்கள், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, படுக்கையிலேயே இருப்பவர்கள் எத்தனை பேர், இப்போது எது தட்டுப்பாடு, எது ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கிறது. பிறகு கையிலுள்ளவற்றைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “வேண்டியதை மட்டும் டிக் செய்து அனுப்புங்கள், மிச்சத்துக்கு நாங்கள் வேறு வழி பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லுங்கள். இந்தக் கடைசி வாக்கியம் இருந்தால்தான் உண்மையான பதில் வரும்.

துணியில்தான் அதிகத் தவறு நடக்கிறது. முதியோர் இல்லங்களில் எப்போதும் தேவைப்படுபவை நூல் புடவை, வேட்டி, லுங்கி, நைட்டி, துண்டு, பெட்ஷீட், தலையணை உறை. துவைத்துத் துவைத்து மெலிந்துபோன நூல் புடவைகூட அங்கே வீணாகாது, படுக்கையில் இருப்பவர்களுக்கு அடியில் நாலாக மடித்து விரிக்க அதைவிட நல்லது கிடையாது. பட்டு, ஷிஃபான், ஜரிகை வைத்த பாவாடை, கோட்டு சூட்டு ஆகியவற்றுக்கு அங்கே வேலையில்லை. ரவிக்கை அளவெடுத்துத் தைத்தது, இன்னொருவருக்குச் சேருவது அபூர்வம். உள்ளாடை புதிதாக இருந்தால் மட்டுமே கொடுக்கலாம். சுடிதார் என்றால் டாப்ஸ், பேன்ட், துப்பட்டா மூன்றையும் ஒன்றாகச் சுற்றிக் கட்டுங்கள். தனித்தனியாகப் போனால் அங்கே யாரும் ஜோடி தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். பிள்ளைகளின் உடுப்பில் வயதை எழுதி ஒட்டுங்கள். “பெண் குழந்தை, 6 வயது, 8 உடுப்பு” என்று பையின் மேல் இருந்தால் பிரிக்காமலே உரிய இடத்துக்குப் போய்விடும். செருப்பை ஜோடியாக வாரில் கோத்துக் கட்டவேண்டும்.

துவைத்து, வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகு கட்டுங்கள். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் பத்தே நாளில் பூஞ்சை பிடித்து மூட்டை முழுவதும் கெட்டுவிடும். அந்துருண்டை போடாதீர்கள். கைக்குழந்தைத் துணியில் போடவே கூடாது. அதிலுள்ள நாப்தலின், பிறவியிலேயே ஒரு நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள்காமாலையில் கொண்டுபோய் விடும். அந்தக் குறைபாடு எந்தக் குழந்தைக்கு இருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

பித்தான், கொக்கி, ஜிப் போனதைத் தைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் தனியாக எடுத்து வையுங்கள். கிழிந்த பருத்தித் துணிக்கும் போக்கிடம் உண்டு. வண்டி பழுது பார்க்கும் பட்டறைகளும் அச்சகங்களும் வேஸ்ட் துணியைக் காசு கொடுத்தே வாங்குகின்றன. பழைய துண்டு, போர்வை, செய்தித்தாளை விலங்குக் காப்பகங்கள் நாய், பூனைக்கு விரிக்கக் கேட்டு வாங்கிக்கொள்ளும். 1999-ல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு பழைய பருத்தியிலிருந்து மாதவிடாய்த் துணி தைத்துக் கிராமங்களுக்குக் கொடுத்துவருகிறது. பாளையங்கோட்டையில் ஆட்சியர் சந்தீப் நந்தூரி காலத்தில் தொடங்கிய ‘அன்புச் சுவர்’ போலச் சாலையோர அலமாரிகள் பல ஊர்களில் வந்தன. அவற்றில் வைப்பதானால் வெயில் நாளில், பிரித்து மடித்த நாலைந்து உருப்படிகளை வையுங்கள். கட்டிய மூட்டையை வைத்தால் எடுக்க வருபவர் பிரித்துக் கொட்டுவார், மழை பெய்தால் மொத்தமும் போய்விடும்.

பாத்திரத்தில் அளவு முக்கியம். 40 பேர் சாப்பிடும் இல்லத்தில் 3 லிட்டர் குக்கரும் ஒன்றரை லிட்டர் பால் பாத்திரமும் எதற்கு? அங்கே வேண்டியது தட்டு, டம்ளர், வாளி, குவளை, மூடியோடு கூடிய டிரம், பெரிய சம்படம். சின்னப் பாத்திரங்கள் வேறொரு இடத்தில் மிகவும் தேவைப்படுகின்றன: புதிதாகக் குடித்தனம் தொடங்குபவர்களிடம். 18 வயது முடிந்து இல்லத்தைவிட்டு வேலைக்குப் போகும் இளைஞர்கள், கணவன் வீட்டைவிட்டுப் பிள்ளைகளோடு தனியே வந்த பெண்கள், தீயிலோ வெள்ளத்திலோ வீட்டை இழந்தவர்கள் ஆகியோரெல்லாம் ஒரு சமையலறையை முதலிலிருந்து அமைக்க வேண்டியவர்கள். அவர்களுக்காக ஒரு முழு செட்டாகக் கட்டிக் கொடுங்கள்: குக்கர், சாதம் வடிக்க ஒரு பாத்திரம், குழம்புச் சட்டி, தோசைக்கல், வாணலி, கரண்டி நான்கு, இடுக்கி, அரிவாள்மனை அல்லது கத்தி, தட்டும் டம்ளரும் நான்கு நான்கு, குடம் ஒன்று, அஞ்சறைப் பெட்டி. இல்லப் பொறுப்பாளரிடம் “யாராவது குடித்தனம் போகிறார்களா?” என்று கேட்டாலே ஆள் கிடைத்துவிடும்.

குக்கரில் கேஸ்கட்டையும் சேஃப்டி வால்வையும் மாற்றிவிட்டுக் கொடுங்கள். வெயிட் தொலைந்த குக்கரை அப்படியே கொடுத்தால், வேறு கம்பெனி வெயிட்டைப் போட்டுப் பார்க்கும் ஆபத்து இருக்கிறது. மேல்பூச்சு உரிந்த நான்ஸ்டிக், குழி விழுந்த அலுமினியம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பிளாஸ்டிக் டப்பா யாருக்கும் வேண்டாம். பித்தளையில் ஈயம் பூசாமல் புளி சேர்த்துச் சமைக்கக் கூடாது. ஈயம் பூச ஆள் கிடைப்பதும் இப்போது அரிது. பித்தளை, செம்பை எடைக்குப் போட்டுவிட்டு, அந்தக் காசில் இல்லம் கேட்ட பொருளை வாங்கிக் கொடுப்பது மேல். பாத்திரத்தில் வெட்டிய பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், யாரும் அதைக் குறையாகப் பார்ப்பதில்லை. ஆனால் பாட்டியின் பெயர் வெட்டிய ஒரு சொம்பை வீட்டில் யாராவது பிறகு தேடுவார்களா என்று மற்றவர்களைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

மின்சாதனங்களுக்கு விதி ஒன்றே: உங்கள் வீட்டில் ஓடவேண்டும், ஓட்டிப் பார்த்த பிறகே போகவேண்டும். “சின்ன ரிப்பேர்தான், அவங்க பார்த்துக்குவாங்க” என்பது நடக்காது. அந்தச் செலவுக்கு இல்லத்தின் கணக்கில் பணம் இருக்காது, பொருள் மூலையில் கிடந்து பழைய இரும்புக்குப் போகும்.

மிக்ஸியை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். ஜாரில் பாதி தண்ணீர் ஊற்றி முதல் வேகத்தில் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். ஜாரைத் தூக்கி அடியைத் தடவிப் பாருங்கள். ஈரமோ கறுப்பு மசியோ ஒட்டினால் பிளேடின் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கினால் மிக்ஸியே போய்விடும். ஜாருக்கு அடியிலும் மிக்ஸி மேலும் இருக்கும் கப்ளரின் பற்களைப் பாருங்கள், மழுங்கியிருந்தால் மாவு போட்டதும் வழுக்கும். மூடியில் கேஸ்கட் இருக்கிறதா என்று பாருங்கள். இவை எல்லாமே தெருமுனைக் கடையில் சில நிமிடத்தில் குறைந்த செலவில் மாற்றக்கூடியவை. 2011-ல் தொடங்கிய விலையில்லாப் பொருள் திட்டத்தில் வந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி பல வீடுகளில் பெட்டி பிரிக்காமலே பரணில் இருக்கின்றன. புதிது என்று நினைத்து அப்படியே கொடுக்காதீர்கள். இத்தனை வருடத்தில் கிரைண்டர் பெல்ட்டும் ரப்பர் பாகங்களும் காய்ந்து விறைத்திருக்கும். மாற்றி, ஒருமுறை மாவரைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெபாசிட்டர்தான் காரணம். சாதாரண வீட்டு ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட் போதும். ஃபேனோடு ராடு, மேல் கீழ்க் கிண்ணங்கள், போல்ட், அதன் பூட்டுப்பின் எல்லாம் சேர்ந்து போகவேண்டும். பூட்டுப்பின் தொலைந்த ஃபேனைக் கம்பி சுற்றி மாட்டுவார்கள், அது ஒரு நாள் தலைமேல் விழும். ஃபிரிட்ஜை நிமிர்த்தியே கொண்டுபோங்கள். படுக்கவைக்க நேர்ந்தால் இறக்கி நிறுத்திச் சில மணி நேரம் கழித்தே ஸ்விட்ச் போடவேண்டும், இல்லையென்றால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஏறி அடைக்கும். பழைய ஃபிரிட்ஜ் இழுக்கும் கரண்டுக்குப் பில் கட்டப்போவது அவர்கள் என்பதையும் யோசியுங்கள்.

டப்பா டிவி வேண்டவே வேண்டாம். 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்து வீடுவீடாக வந்த 14 இன்ச் வண்ணத் தொலைக்காட்சியும் அப்படித்தான். அதன் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது, உடைத்தால் ஆபத்து. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-ன்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது சேரவேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியையும் இல்லத்துக்குக் கொடுக்காமல் பேட்டரிக் கடையில் எடைக்குப் போடுங்கள்.

கேஸ் அடுப்பைத் தாராளமாகக் கொடுக்கலாம், பர்னரைச் சுத்தம் செய்து. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் மட்டும் கொடுக்காதீர்கள். அவை உங்கள் பெயரில் உள்ள இணைப்பின் பகுதி, பிறர் பயன்படுத்தி விபத்து நடந்தால் சிக்கல் உங்களுக்குத்தான். ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் பணம் திரும்பக் கிடைக்கும். ரப்பர் குழாயின் ஆயுள் 5 ஆண்டு, பழையதை வெட்டிப் போட்டுவிடுங்கள். கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸ் அவருக்கே சொந்தம்.

உங்கள் வீட்டில் தூசி படிந்து கிடந்தாலும் கேட்ட உடனே எடுத்துக்கொள்ளப்படும் பொருள்கள் சில உண்டு. நோயாளிக்கு வாங்கியவைதான் அவை: சக்கர நாற்காலி, வாக்கர், கமோடு நாற்காலி, ஏர் பெட், பெட் பேன், பிரிக்காத டயப்பர் பாக்கெட். விலை அதிகம் என்பதால் இல்லங்களில் இவை எப்போதும் பற்றாக்குறை. வாக்கரின் நான்கு கால் ரப்பர் புஷ்ஷையும் கவிழ்த்துப் பாருங்கள். ரப்பர் தேய்ந்து உள்ளே உலோகம் எட்டிப் பார்த்தால் மொசைக் தரையில் வழுக்கும், இடுப்பெலும்பு முறியும். நான்கையும் மாற்றிய பிறகே கொடுக்கவேண்டும். சக்கர நாற்காலியில் இரு பிரேக்கும் பிடிக்கவேண்டும், கால்தாங்கி இரண்டும் இருக்கவேண்டும். ஏர் பெட்டை இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் காற்று நிற்கிறதா என்று பாருங்கள். மிச்ச மருந்து மாத்திரைகளை மட்டும் கொடுக்காதீர்கள், காலாவதித் தேதி தாண்டாமல் இருந்தாலும். எந்தச் சூட்டில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது, யாருக்கு என்ன மருந்து என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

கட்டில், பீரோ, மெத்தை. கட்டிலைக் கழற்றும்போது போல்ட், நட்டை ஒரு பையில் போட்டு கட்டில் சட்டத்திலேயே டேப் ஒட்டுங்கள். தனியாகக் கொடுத்த பை தொலைந்துபோகும். பீரோவுக்கு இரண்டு சாவியும் லாக்கர் சாவியும் வேண்டும். கொடுக்கும் முன் லாக்கர், உள் அறை, விரித்திருக்கும் காகிதத்துக்கு அடி, புடவை மடிப்பு, சட்டைப் பை, புத்தகத்தின் நடுப்பக்கம் எல்லாம் பாருங்கள். அடகு ரசீது, பாஸ்புக், எல்.ஐ.சி. பத்திரம், மோதிரம் எல்லாம் இங்கேதான் தூங்கும், பெரியவர் ஒருவர் தனியே வைத்திருந்த பீரோ என்றால் கண்டிப்பாக. மெத்தையின் தையல் ஓரத்தில் கறுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தால் மூட்டைப்பூச்சி. ஒரு மெத்தை போதும், வரிசையாக உள்ள முப்பது கட்டிலுக்கும் பரவிவிடும். அப்படி ஒன்று இருந்தால் மெத்தை, கட்டில் இரண்டையுமே கொடுக்காதீர்கள். யாருக்கும் உதவாத மெத்தை, சோபாவுக்குச் சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணில் கேளுங்கள். போகி அன்று தெருவில் போட்டுக் கொளுத்துவது மட்டும் வேண்டாம்; ரெக்சினும் ஸ்பாஞ்சும் எரிந்தால் வரும் புகை நஞ்சு.

தையல் மெஷின் இருந்தால் இல்லத்துக்கு முன்பு மகளிர் சுய உதவிக் குழுவில் கேளுங்கள், அது ஒரு குடும்பத்துக்குப் பிழைப்பாகும். பெல்ட் புதிதாகப் போட்டு, பாபின் கேஸ் இருக்கிறதா என்று பார்த்து, எண்ணெய் விட்டு, ஒரு துண்டுத் துணியில் தையல் ஓட்டி அதை மெஷினிலேயே விட்டுவையுங்கள். வாங்குபவருக்கு அதுவே சான்று.

புத்தகத்தில் பாடநூலைப் பிரியுங்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் 2018-19, 2019-20 ஆண்டுகளில் மாறியது. அதற்கு முந்தைய பாடநூல் இப்போது வகுப்புக்கு ஆகாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் இலவசமாகவே வருகிறது, ஆகவே அவர்களுக்கு அது தேவையில்லை. 6 முதல் 12 வரையிலான புதிய பாடநூல்களைத் தேடுபவர்கள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள். கிளை நூலகம், நகராட்சிகளின் நூலகமும் அறிவுசார் மையமும் ஆகிய இடங்களில் அவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள், நூலகரிடம் பேசிக் கொடுங்கள். கதை, கட்டுரை நூல்களுக்கு நூலக வாசகர் வட்டம் உண்டு. சிறைக் கைதிகளுக்காகவும் நூல்கள் திரட்டப்படுகின்றன. சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை அதற்கென்றே அரங்கம் அமைத்திருந்தது. பெட்டி 15 கிலோவுக்கு மேல் போகவேண்டாம், தூக்கும்போது அடி பிய்ந்துவிடும்.

அரசுப் பள்ளிக்குக் கொடுப்பதானால் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாகவும் கொடுக்கலாம். அங்கன்வாடிக்குப் பொம்மை என்றால், பிள்ளை வாயில் போட்டு விழுங்கக்கூடிய சிறு பாகமோ பட்டன் பேட்டரியோ உள்ளதைத் தள்ளுங்கள்.

கைபேசி, கணினி கொடுக்கும்போது முதலில் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு ரீசெட் செய்யுங்கள். கணக்கை எடுக்காமல் ரீசெட் செய்தால் போன் பூட்டிக்கொண்டு உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கலாம். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள்.

நேரமும் பார்க்கவேண்டும். தீபாவளி, பொங்கல் வாரத்தில் எல்லாரும் கொண்டுவந்து குவிப்பார்கள். ஆடி, புரட்டாசியில் கொடுக்க யாரும் வரமாட்டார்கள், அப்போது கொடுங்கள். பள்ளிப் பை, ஜியோமெட்ரி பாக்ஸ் மே கடைசிக்குள் போகவேண்டும். வெள்ளமோ புயலோ வந்தால் முதல் வாரத்தில் பழைய துணியை அனுப்பவே அனுப்பாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரத்தில் வந்து இறங்கிய பழைய துணி யாரும் எடுக்காமல் சாலையோரம் குவிந்து மண்ணோடு மட்கியது. அந்தச் சமயத்தில் வேண்டியவை புதிய பாய், போர்வை, துண்டு, உள்ளாடை, நாப்கின், வாளி.

கொடுக்கும் இடம் சரியானதுதானா என்று பார்ப்பது கடினமில்லை. குழந்தைகள் இல்லம் இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் கீழ் பதிவு பெற்றிருக்கவேண்டும். சான்றிதழைக் கேட்கலாம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் விசாரிக்கலாம். முதியோர் இல்லத்துக்கு மாவட்ட சமூக நல அலுவலகம். குழந்தைகள் இல்லத்தில் பிள்ளைகளோடு படம் எடுத்துப் போடாதீர்கள். இல்லத்திலுள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் குற்றம், 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

பொருளாகக் கொடுப்பதற்கு வருமான வரியில் நன்கொடைச் சலுகை கிடையாது. அது பணத்துக்கு மட்டும்தான், அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடைக்காது. ஆனாலும் பட்டியல் இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுடைய பதிவேட்டுக்கும் அது தேவை.

குட்டி யானை எனும் சிறு சரக்கு வண்டிக்கு வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி மூன்றும் உங்கள் பொறுப்பு. இல்லத்தின் வண்டியை வரச் சொன்னால் டீசலும் ஓட்டுநரும் அவர்கள் செலவு. அடுக்குமாடியில் பத்து வீடு சேர்ந்தால் ஒரே வண்டியில் முடியும். கார் நிறுத்தும் இடத்தில் மேசை போட்டு, இரண்டு பேர் ஒவ்வொரு உருப்படியையும் பிரித்துப் பார்த்து, உதவாததைக் கொண்டுவந்தவர் கையிலேயே அப்போதே திருப்பிக் கொடுக்கவேண்டும். “எல்லாம் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்” என்று விட்டால் அந்தக் குவியல் மொத்தமும் அப்படியே இல்லத்து வாசலில் போய் இறங்கும். வண்டி பகல் 10 மணிக்கு மேல், சாப்பாட்டு நேரத்துக்கு முன் போய்ச் சேரும்படி பாருங்கள். அப்போதுதான் பொறுப்பாளரும் இறக்கிவைக்க ஆட்களும் கைவசம் இருப்பார்கள்.